தரைக்கேற்ற கதவுத் தடுப்பு

திறந்த கதவு தானாக மூடாமல் நிறுத்த, வழவழப்பான டைல்ஸ் தரைக்கு அடிப்பக்கம் வரிவரியாக உள்ள மென்மையான ரப்பர் ஆப்பையும், தரைவிரிப்புள்ள அறைக்குச் சுவரிலும் கதவிலும் பொருத்தும் காந்தப் பிடிப்பானையும் தேர்ந்தெடுங்கள். ரப்பர் தரையோடு நன்கு பதிந்து உராய்வதால்தான் ஆப்பு கதவை நிறுத்துகிறது. விரிப்பின் இழைகள் அழுத்தத்தில் அமிழ்ந்து விடுவதால் அங்கே அது உறுதியாக நிற்பதில்லை. டைல்ஸில் ஆப்பு வழுக்கத் தொடங்கினால் உடனே புதியது வாங்க வேண்டாம். பெரும்பாலும் ஒட்டிய தூசியே காரணம் என்பதால், ரப்பரின் அடியையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுப் பாருங்கள்.

குளிர்ந்த காற்று கனமானது என்பதால் ஏசி அறையில் அது கதவின் அடி இடைவெளி வழியே எளிதில் வெளியேறுகிறது. இதைத் தடுக்க, டைல்ஸ் தரையில் கதவின் இருபுறமும் நுரைக்குழல் இருக்கும்படி அடியில் செருகி, கதவோடு சேர்ந்து நகரும் இரட்டை நுரைக்குழல் உறை போதும். விரிப்பில் அது சிக்கி இழுபடுமாதலால், கதவின் அடியில் திருகிப் பொருத்தும் பிரஷ் பட்டையே (தூரிகை போன்ற இழைகள் கொண்ட பட்டை) ஏற்றது. பழைய வீடுகளில் தரை சமமாக இருப்பது அரிது. ஆகவே கதவு திரும்பும் பாதை முழுவதும் இடைவெளியை அளந்த பின்பே வாங்குங்கள்.

கேஸ் அடுப்போ கேஸ் கீசரோ உள்ள அறையில் இந்த இடைவெளியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தீ பரவாமல் தடுக்க மூடியே இருக்க வேண்டிய, அடுக்குமாடிக் கட்டடங்களின் தீத்தடுப்புக் கதவுகளுக்கும் ஆப்பு வைக்கக் கூடாது.