'பொம்பளைக் கூலி' என்று தனியாக ஒரு கணக்கு வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்து நண்டு கம்பெனிகளில், அவித்த நீலக்கால் நண்டை உடைத்துச் சதை எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். சதை சிதையக் கூடாது, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடத் தங்கக் கூடாது, அதுவும் வேகமாக நடக்க வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். ஆனால் கூலி பேசும்போது மட்டும் அது 'உட்கார்ந்து செய்யும் லேசான வேலை' ஆகிவிடுகிறது, ஐஸ் பெட்டி தூக்குவதுதான் கஷ்டமான வேலை என்கிறார்கள். பெரிய தவறு இதுதான். தரம் பிரிப்பது போல இருவரும் செய்கிற ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கொடுப்பதை 1976 சம ஊதியச் சட்டமே தடுத்தது, 2019 ஊதியச் சட்டத்திலும் அந்தத் தடை இருக்கிறது. வேலையே வேறு என்றால், பழக எவ்வளவு காலம் ஆகும், பிசகினால் எவ்வளவு நஷ்டம், நாள் முழுக்கக் குனிந்திருந்தால் முதுகு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக் கூலி வையுங்கள்.

அடுத்த தவறு, வேலை செய்யும் பெண்ணுக்காக நீங்களே முடிவெடுப்பது. "ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை அந்தப் பிள்ளைக்குச் சரிப்படாது, வீட்டில் விடமாட்டார்கள்" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள், ஆனால் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேளுங்கள். பஸ் இல்லாததுதான் சிக்கல் என்றால் வேன் ஏற்பாடு செய்யலாமே. நேர்காணலில் கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள்.

கடல் பற்றிய கூட்டங்களிலும் இதே கதைதான், பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீக்காலஜி அமைப்பின் விருது கிடைத்தது, தன்னைப் போன்ற பெண்களின் உரிமைக்காகவும் கடலைப் பாதுகாக்கவும் நின்றதற்காக. தினமும் மூழ்கி எழுகிற பெண்களை விட்டுவிட்டு மன்னார் வளைகுடாவைப் பற்றி என்ன பேசிவிட முடியும்?

அப்புறம், பாலியல் தொல்லை பற்றி "இங்கே யாரும் புகார் சொன்னதில்லையே" என்று நிம்மதியாக இருப்பது. முதலாளி சொந்தக்காரராக இருப்பார், அல்லது முன்பணம் வாங்கியிருப்பார்கள், எப்படிச் சொல்வார்கள்? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அதற்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, குழுவில் இருப்பவர்களின் பெயர்களையும் போன் நம்பரையும் ஆபீஸ் அறைக்குள் அல்ல, பெண்கள் சாப்பிட உட்காரும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.