பயனர் கோப்புறையின் பெயரை மாற்றப் போய்க் காணாமற்போன கோப்புகளை மீட்கும் முறை

மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு விண்டோஸை நிறுவினால், சி டிரைவின் யூசர்ஸ் கோப்புறைக்குள் நமக்கென உருவாகும் கோப்புறைக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே பெயராக அமைந்துவிடும். பாதியில் வெட்டுண்ட அந்தப் பெயர் கண்ணை உறுத்தியதால், இன்னொரு அட்மின் கணக்கின் வழியே நுழைந்து கோப்புறைக்கு முழுப் பெயரைச் சூட்டினேன். விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் அதற்கேற்பத் திருத்தினேன். கணினியை ரீஸ்டார்ட் செய்து என் கணக்கில் நுழைந்தேன். டெஸ்க்டாப் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆவணங்களும் இல்லை, படங்களும் இல்லை. கணக்கில் சரியாக நுழைய இயலவில்லை என்றும், இப்போது செய்யும் மாற்றங்கள் வெளியேறியதும் அழிந்துவிடும் என்றும் ஓர் அறிவிப்பு மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

இந்நிலையில் பெரும்பாலும் ஒரு கோப்புகூட அழிந்திருக்காது. கணக்கும் அதன் கோப்புறையும் தனித்தனிப் பொருள்கள். இரண்டையும் இணைப்பது ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரே ஒரு வரிதான். அந்த வரி காட்டும் இடத்தில் கோப்புறை இல்லையென்றால், விண்டோஸ் டெம்ப் என்ற பெயரில் தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதற்குள் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது அறுந்த இணைப்பை மீண்டும் முடிச்சிடுவதே. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் எதையும் இப்போது நிறுவ வேண்டாம்.

முதல் படி: நோயை உறுதி செய்தல்

தற்காலிகக் கணக்கில் எதையும் சேமிக்காதீர்கள். சைன் அவுட் செய்தவுடன் அந்தக் கோப்புறை முழுவதும் நீக்கப்பட்டுவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பிரிவின் அப்ளிகேஷன் பட்டியலில் 1511 அல்லது 1515 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர்ப் புரொஃபைல் (கணக்கின் கோப்புறையும் அமைப்புகளும்) கிடைக்காததால் தற்காலிகமானதைக் கொடுத்திருக்கிறேன் என்பது முன்னதன் பொருள். பழைய புரொஃபைலை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்பது பின்னதன் பொருள். அடுத்து யூசர்ஸ் கோப்புறைக்குள் சென்று, உங்கள் பழைய கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து அதன் அளவைப் பாருங்கள். அது பல ஜிபி என்று காட்டினால் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கை வைப்பதற்கு முன் ஒரு நகல்

இன்னொரு அட்மின் கணக்கு இல்லாதவர்கள் தற்காலிகக் கணக்கில் இருந்தபடியே ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். கணக்குகளின் விவரம் புரொஃபைல் கோப்புறையில் இருப்பதில்லை என்பதால், டெம்ப் கோப்புறை அழிந்தாலும் புதிய கணக்கு அழியாது. கணினியை ரீஸ்டார்ட் செய்து நேரடியாக அந்தக் கணக்கில் நுழையுங்கள். ஸ்விட்ச் யூசர் வழியாகப் போனால் பழைய கணக்கு பின்னணியில் திறந்தே இருக்கும். பிறகு செய்யும் திருத்தங்கள் நிலைக்காது.

பழைய கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி தோன்றும்; கன்டின்யூ என்பதை அழுத்தினால் போதும். கோப்புறை முழுவதற்கும் உரிமையாளரை மாற்றும் வேலையில் இறங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அனுமதிகள் கலைந்துபோனால், இணைப்பைச் சரிசெய்த பிறகும் அந்தப் புரொஃபைல் திறக்க மறுக்கலாம்.

நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். இழுத்துப் போடுவதைவிட, விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையையே நான் விரும்புகிறேன். ஆனால் அதன் இயல்பான அமைப்பு வினோதமானது. ஒரு கோப்பை நகலெடுக்க முடியாவிட்டால் அது 30 விநாடிக்கு ஒருமுறை என 10 லட்சம் தடவை முயன்றுகொண்டே இருக்கும். ஆர், டபிள்யூ என்ற இரண்டு தேர்வுகளுக்கும் 1 என்று மதிப்புக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். எக்ஸ்ஜே என்ற தேர்வையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். செயலிகளின் தரவு இருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் தன் பெற்றோர்க் கோப்புறையையே மீண்டும் சுட்டும் ஒரு போலிக் கோப்புறை உண்டு. அதைத் தவிர்க்காவிட்டால் நகலெடுப்பு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்றுகொண்டே போகும்.

மூன்றாம் படி: ரெஜிஸ்ட்ரியில் இணைப்பைச் சரிசெய்தல்

நான் அரை நாளைத் தொலைத்த இடம் இதுதான். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், புரொஃபைல் லிஸ்ட் என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள். எதையும் தொடுவதற்கு முன் புரொஃபைல் லிஸ்ட்டின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் மூலம் ஒரு நகலைச் சேமித்துக்கொள்ளுங்கள். அதற்குள் எஸ்-1-5 என்று தொடங்கும் பல உறுப்புகள் தெரியும். 18, 19, 20 என்று முடியும் குட்டைப் பெயர்கள் விண்டோஸின் சொந்த உபயோகத்திற்கானவை. அவற்றின் பக்கம் போக வேண்டாம். எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001 போன்ற எண்ணில் முடியும் நீளப் பெயர்களே நம்முடையவை.

பழுதான கணக்குக்குப் பெரும்பாலும் ஒரே எண்ணில் இரண்டு உறுப்புகள் இருக்கும்: ஒன்று வெறும் எண், மற்றொன்று இறுதியில் புள்ளியும் பேக் என்ற ஒட்டும் கொண்டது. ஒவ்வொன்றையும் சொடுக்கி, வலப்புறம் புரொஃபைல் இமேஜ் பாத் என்ற மதிப்பைப் படியுங்கள். ஒட்டு இல்லாதது டெம்ப் கோப்புறையைக் காட்டும். ஒட்டு உள்ளதுதான் நம் உண்மையான கணக்கு. ஒட்டை நேரடியாக நீக்க முயன்றால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் உறுப்பு இருப்பதாக விண்டோஸ் மறுத்துவிடும். எனவே முதலில் ஒட்டு இல்லாததன் பெயரின் இறுதியில் ஓல்டு என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, அதன் பின்னரே மற்றதன் ஒட்டை நீக்க வேண்டும். பிறகு அதே உறுப்பில் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் ஆகிய இரண்டு மதிப்புகளையும் 0 ஆக்குங்கள். ரெஃப்கவுன்ட் காணப்படாவிட்டால் அதை உருவாக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். மீண்டும் அதே வெற்று டெஸ்க்டாப். திரும்பிப் போய்ப் பார்த்தால் பேக் ஒட்டு மறுபடி முளைத்திருந்தது. மூன்று முறை நீக்கினேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. ஒட்டு நோயன்று, நோயின் அறிகுறி என்பது அப்போதுதான் உறைத்தது. புரொஃபைல் இமேஜ் பாத்தில் நான் தட்டச்சு செய்திருந்த பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அந்தப் பெயரில் கோப்புறையே இல்லாததால், ஒவ்வொரு முறை நுழையும்போதும் விண்டோஸ் தேடிப் பார்த்து, கிடைக்காமல், கணக்கை மறுபடியும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகையால் பாதையை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். எழுத்தைத் திருத்தி, ஒட்டை நான்காவது முறையாக நீக்கிய பிறகு, பழைய டெஸ்க்டாப் ஐகான்கள் இருந்த இடம் மாறாமல் திரும்பி வந்தது.

இணைப்பு எப்படியும் சரியாகாவிட்டால், புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை மட்டும் நகலெடுங்கள். என்டியூசர் என்று தொடங்கும் மறைகோப்புகளைக் கொண்டுபோனால் பழுதும் கூடவே குடியேறிவிடும்.

பிற்சேர்க்கை 1: எல்லாம் சரியான பிறகும் டெஸ்க்டாப் மட்டும் காலியாக இருப்பதாகச் சிலர் எழுதியிருந்தனர். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் பேக்கப் இயக்கத்தில் இருந்தால், உண்மையான டெஸ்க்டாப் கோப்புறை ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இடம் மாறியிருக்கும். அங்கே பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: கோப்புகளின் ஐகான்மேல் சிறு பூட்டுச் சின்னம் தெரிந்தால், அவை விண்டோஸின் கோப்புக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டவை. அவற்றைத் திறக்கும் சாவி பழைய கணக்கோடும் அதன் கடவுச்சொல்லோடும் பிணைந்திருக்கிறது. அந்தக் கணக்கை நீக்குவதும், வேறொரு அட்மின் கணக்கிலிருந்து அதன் கடவுச்சொல்லை மாற்றுவதும் சாவியையே தொலைப்பதற்குச் சமம்.

பிற்சேர்க்கை 3: கணக்கையே நீக்கிவிட்டவர்களின் நிலை வேறு. கன்ட்ரோல் பேனலில் கீப் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்திருந்தால், நீக்கியவரின் டெஸ்க்டாப்பில் அந்தக் கணக்கின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். ஆனால் அங்கே விண்டோஸ் சேமிப்பதாகச் சொல்லும் பட்டியலில் டவுன்லோட்ஸ் இல்லை. தரவோடு சேர்த்து நீக்கியிருந்தால் கணினியை உடனே நிறுத்துங்கள். எஸ்எஸ்டி என்றால் டிரிம் வசதி, நீக்கிய இடத்தைப் பெரும்பாலும் விரைவிலேயே காலி செய்துவிடுகிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் ஃபைல் ரெகவரி, விண்டோஸ் 10 இன் 2004 பதிப்பு முதல் இயங்கும். மீட்ட கோப்புகளை வைக்க அது வேறொரு டிரைவைக் கேட்கும். என் விருப்பம் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள்: லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி அதை இயக்கினால், சி டிரைவில் எதுவும் எழுதப்படாது. கோப்புகளின் பழைய பெயர்கள் கிடைக்காது என்பதுதான் அதன் குறை. ஆயிரக்கணக்கான எண்களுக்கிடையே உங்கள் படங்களை நீங்களே திறந்து தேட வேண்டியிருக்கும். ஒன்டிரைவோடு ஒத்திசைந்திருந்த கோப்புகளும் சேர்ந்து நீங்கியிருந்தால், அதன் இணையத்தள ரீசைக்கிள் பின்னில் தனிநபர் கணக்குக்கு 30 நாள்கள் வரை இருக்கும் என்பதால், அதை முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்குங்கள்.