பிஎம்எஸ் வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்த்தால் போதுமா?

வீட்டுக்கு பேக்கப் பேட்டரி கட்டுபவர்கள் செல்களைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் பாதுகாப்புப் போர்டு) என்று வரும்போது மட்டும் மேலே அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுவார்கள். முதல் சறுக்கலே அந்த எண்ணில்தான்.

12 வோல்ட் பேக், 1000 வாட் லோடு என்று வைத்துக்கொள்வோம். நாலு பாஸ்பேட் செல் சேர்ந்த பேக்கின் நிஜ வோல்டேஜ் 12.8; 1000-ஐ அதால் வகுத்தால் 78. சரி, 80 ஆம்பியர் பிஎம்எஸ் போதும் என்று தோன்றும். ஆனால் இன்வெர்ட்டரே 10 முதல் 15 சதவீதத்தை விழுங்கிவிடும். பேட்டரி இறங்கி 11.5 வோல்ட்டுக்கு வந்ததும் அதே லோடு 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அட்டையில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவா, சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவா என்பதையும் பாருங்கள். உச்ச அளவைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்பது சகஜம். ஃபிரிட்ஜ், பம்ப் போன்ற மோட்டார்கள் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் கேட்கும். கணக்கில் வருவதைப்போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு தாங்கும் பிஎம்எஸ்ஸை எடுங்கள். என்னைக் கேட்டால், 1000 வாட்டைத் தாண்டினால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுவதே நல்லது. கரண்ட் பாதியாகும், வயரும் சூடாகாது.

அடுத்தது செல் வகை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் முழுதாக ஏறினால் 3.65 வோல்ட், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் செல்) என்றால் 4.2. என்எம்சிக்கான பிஎம்எஸ்ஸைப் பாஸ்பேட் செல்லில் மாட்டினால், 4.2 வரை ஏறவிட்டு வேடிக்கை பார்க்கும். இரண்டுக்கும் 4எஸ் பிஎம்எஸ் உண்டு, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். 4எஸ் என்பது தொடராக இணைத்த செல்களின் எண்ணிக்கை மட்டுமே, செல் வகை அதில் வராது.

பலர் குழம்பும் இடம் சார்ஜிங். பிஎம்எஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று பழைய லெட் ஆசிட் சார்ஜரையே மாட்டிவிடுகிறார்கள். சாதாரண பிஎம்எஸ் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்காது, கூட்டாது. எல்லை மீறினால் துண்டிக்க மட்டுமே அதற்குத் தெரியும். லெட் ஆசிட் சார்ஜரின் ஈக்வலைசேஷன் (வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டிச் செல்களைச் சமப்படுத்தும் கட்டம்) 15 வோல்ட்டைத் தாண்டும். நாலு பாஸ்பேட் செல்லுக்கு உச்சமே 14.6. சார்ஜரை 14.2 வாக்கில் வையுங்கள். பிஎம்எஸ் அடிக்கடி கட் ஆகிறதென்றால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

பேலன்சிங், அதாவது எல்லாச் செல்களின் சார்ஜையும் சமன்செய்யும் விஷயத்தில், எதிர்பார்ப்பு ரொம்ப அதிகம். மலிவான பிஎம்எஸ்கள் 50 மில்லி ஆம்பியர் வாக்கில்தான் சமன்செய்யும். 100 ஆம்பியர்-அவர் பேக்கில் ஒரு செல் மட்டும் 3 சதவீதம் முந்தியிருந்தால் வித்தியாசம் 3 ஆம்பியர்-அவர். அதைக் கரைக்க 60 மணி நேரம் ஆகும். அதுவும் சார்ஜ் உச்சத்துக்கு அருகில் இருக்கும்போது மட்டுமே இந்த வேலை நடக்கும் என்பதால், நிஜத்தில் பல வாரங்கள் இழுக்கும். ஆகவே பேக் கட்டுவதற்கு முன்பே எல்லாச் செல்களையும் இணையாக இணைத்து 3.65 வரை ஏற்றிச் சமப்படுத்திவிடுங்கள். அதிகம் ஏறிய செல்லிலிருந்து குறைந்த செல்லுக்குச் சார்ஜை மாற்றும் 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் வேகமானதுதான். ஆனால் பாஸ்பேட் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். அங்கேயும் பேலன்சரை ஓடவிட்டால் சமனாக இருந்ததையே கலைத்துவிடும். 3.4 வோல்ட்டுக்கு மேல் மட்டும் வேலை செய்யும்படி அமைக்க முடிந்தால் வாங்குங்கள்.

வெப்பநிலை சென்சார் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அது எங்கே இருக்க வேண்டும் என்று யோசிப்பதில்லை. வெளியே தொங்கவிட்டால் அது காட்டுவது அறையின் வெப்பம். செல்களுக்கு நடுவே ஒட்டுங்கள். குளிர் அதிகமான இடமென்றால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் வசதி அவசியம். அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் ஆனோடின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது.

சார்ஜுக்கும் லோடுக்கும் ஒரே முனை உள்ள காமன் போர்ட்டா, தனித்தனி முனை உள்ள தனி போர்ட்டா? இன்வெர்ட்டரே சார்ஜும் செய்யும் என்றால் காமன் போர்ட்.

அப்புறம், இன்வெர்ட்டரை இணைத்த நொடியே பிஎம்எஸ் கட் ஆகிறது, பீஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது ஒரே மூச்சில் கரண்டை இழுக்கும்; பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில நொடி நிரப்பிவிட்டு இணைத்தால் போதும்.

ஃப்யூஸ் தேவையில்லை என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நினைப்பு. பிஎம்எஸ்ஸில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்கள் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி, கரண்டை விட்டபடியே நின்றுவிடும். வெளியே எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் இருக்கும், துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காது. பெரிய பாஸ்பேட் செல்கள் ஷார்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். காரில் போடும் சின்ன ஃப்யூஸ் அதை அறுக்காது. கிளாஸ் டி (Class T) ஃப்யூஸை பாசிட்டிவ் முனையை ஒட்டியே போடுங்கள்.

எல்லாம் சரியாக வாங்கி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்கு வரும் மெல்லிய பேலன்ஸ் வயரை வரிசை மாற்றிச் செருகிப் போர்டைப் புகைய விடுபவர்களும் இருக்கிறார்கள். சாக்கெட்டைச் செருகும் முன் மல்டிமீட்டரில் அடுத்தடுத்த பின்களை அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் 3.2, 3.3 என்று காட்ட வேண்டும். எங்காவது 6.5 என்றோ மைனஸ் குறியோ வந்தால் வயர் இடம் மாறியிருக்கிறது.