பெரிய கைகளுக்கு நைலான் கிட்டார்: ஜாஸ் வாசிக்க எதைப் பார்த்து வாங்குவது?

கை பெரிதாக இருந்தால் ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) கூடிய கிட்டார் வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான 650 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டின் (நெக் எனப்படும் கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிகள் பிரிக்கும் கட்டம்) அகலம் 36.5 மி.மீ.; 660இல் 37. கூடுவது அரை மில்லிமீட்டர்தான். பெரிய விரல்களுக்கு உண்மையான நெருக்கடி, தந்திக்கும் தந்திக்கும் இடையில்.

படி 1: நட்டை அளந்து பாருங்கள்

கடைக்கு ஒரு சின்ன அளவுகோலைக் கொண்டுபோங்கள். நெக்கின் மேல்நுனியில் தந்திகள் படிந்திருக்கும் பட்டைதான் நட். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் நட்டின் அகலம் 52 மி.மீ.; எலெக்ட்ரிக் பழகியவர்களுக்காக வரும் 'கிராஸோவர்' வகையில் 48. நட்டில் ஆறாம் தந்தியின் (தடித்த பேஸ் தந்தி) நடுவிலிருந்து முதல் தந்தியின் நடுவரை அளந்து ஐந்தால் வகுத்தால், 52இல் சுமார் 8.7 மி.மீ., 48இல் சுமார் 8 கிடைக்கும். தடித்த விரலுக்கு இது பெரிய வித்தியாசம். யமஹாவில் என்.டி.எக்ஸ். வரிசை 48, என்.சி.எக்ஸ். வரிசை 52. ஓர் எழுத்துதான் மாறும், கவனமாகப் பாருங்கள். ஜாஸுக்கு ஒடுங்கிய நெக் கட்டாயமில்லை. ஜாஸ் கலைஞர் சார்லி பேர்ட் வாசித்ததே கிளாசிக்கல் கிட்டாரில்தான்.

படி 2: ஒரு கார்டு (பல சுரங்களின் கூட்டு) பிடித்துப் பாருங்கள்

ஐந்தாம் தந்தி 3ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், நான்காம் தந்தி 2இல் ஆள்காட்டி விரல், மூன்றாம் தந்தி 4இல் சுண்டுவிரல், இரண்டாம் தந்தி 3இல் மோதிரவிரல். இது சி மேஜர் 9. முதல் தந்தியை அழுத்தாமல் விடுங்கள். ஆறாம் தந்தி வேண்டாம். மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். மங்குவது பெரும்பாலும் முதல் தந்தியாக இருக்கும், மோதிரவிரலின் சதை அதில் படுவதால். கட்டைவிரலை நெக்கின் பின்புறம் நடுவுக்கு இறக்கி, விரல்நுனிகளைச் செங்குத்தாக்கி மறுபடி மீட்டுங்கள். அப்போதும் மங்கினால் அந்த நெக் உங்களுக்கு ஒடுக்கம்.

படி 3: மேல் ஃப்ரெட்டுகள்

12ஆம் ஃப்ரெட்டின் அகலம் 19 மி.மீ.தான். கிளாசிக்கல் கிட்டாரில் நெக் அங்கேயே உடலோடு சேர்ந்துவிடுவதால் பெரிய உள்ளங்கை மேலே போக முடியாமல் முட்டும். கட்அவே (நெக்கை ஒட்டி உடலின் ஒரு தோள் வெட்டப்பட்ட வடிவம்) உள்ளதையே எடுங்கள். 52 மி.மீ. நட்டும் கட்அவேயும் சேர்ந்து கிடைத்தால் தேடல் ஏறக்குறைய முடிந்தது.

படி 4: தந்தியின் உயரம்

12ஆம் ஃப்ரெட் கம்பியின் உச்சிக்கும் ஆறாம் தந்தியின் அடிக்கும் இடையே 4 மி.மீ. இருப்பது சகஜம். ஜாஸுக்கு 3 சுகம். முதல் தந்திக்கு 2.5. அதற்கும் கீழே போனால் தளர்வான நைலான் ஃப்ரெட்டில் அடித்து இரையும். உயரத்தை அரை மில்லிமீட்டர் குறைக்க, சாடிலின் (உடலில் உள்ள பிரிட்ஜ் என்ற மரக்கட்டையில் தந்திகள் படியும் பட்டை) அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். அதனால் வாங்கும் முன்பே சாடிலைப் பாருங்கள்: தந்தி உயரமாக இருந்தும் சாடில் பிரிட்ஜுக்கு மேலே 2 மி.மீ.கூட இல்லையென்றால், தேய்க்க இடமில்லை. அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.

மேடைக்கு வேண்டுமானால் பியசோ பிக்கப் (அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி) உள்ளதாக வாங்குங்கள். காந்தப் பிக்கப்புக்கு நைலான் கேட்காது. ஸ்டீல் தந்தி மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள்: இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.