அப்பா அம்மா இறந்த பிறகு வரும் கெட்ட கனவுகளுக்கு என்ன செய்யலாம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பி வீடு வெறிச்சோடிய பிறகுதான் பலருக்கும் கெட்ட கனவு அதிகமாகிறது: ஐசியூவுக்குள் அப்பா கூப்பிடுகிறார், கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆத்மா சாந்தியடையவில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பகலில் அந்தக் கனவை ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் முடிவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றுங்கள். கதவு திறக்கிறது, அவர் கையைப் பிடிக்கிறீர்கள், "சாப்பிட்டியாப்பா" என்று கேட்கிறார். மாற்றிய கதையை மட்டும் தினமும் 10, 20 நிமிடம் மனதில் ஓட்டுங்கள். மனநல நிபுணர்கள் கற்றுத்தரும் முறைதான் இது, பலன் தெரியச் சில வாரம் ஆகலாம்.

தூக்கம் வரட்டும் என்று மது குடிக்காதீர்கள், பின்னிரவுக் கனவுகள் இன்னும் மோசமாகும்.

செத்துவிடலாம் என்று தோன்றினால் தள்ளிப்போடாமல் 14416-க்கு அழையுங்கள். இது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.