ஜிக்ஜாக் மெஷினில் ஒரு பக்கத் தையல் மட்டும் விட்டுப்போகிறதா?

அக்கா சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுப்பவர். அவருடைய பழைய ஜிக்ஜாக் மெஷினில் நேர்த்தையல் அச்சடித்ததுபோல் விழும். அகலத்தை 5-இல் வைத்தால் வலப்பக்கக் குத்து பிடிக்கும், இடப்பக்கக் குத்து விட்டுப்போகும். சேலை ஓரம் பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது. ஊசியை மாற்றினோம், நூலை மாற்றினோம், டென்ஷன் திருகை ஒரு வழி பண்ணினோம். பழுதுபார்க்க வந்தவர் இரண்டு முறை டைமிங் வைத்தார், அதாவது ஊசியும் கீழே நூலைப் பிடிக்கும் ஷட்டிலும் சந்திக்கும் நேரத்தைச் சரிசெய்தார். இரண்டு முறையும் நேர்த்தையல் அடித்துக் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் முறை நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "இருப்பதையும் கெடுத்துவிடாதே, தம்பி" என்றார் அக்கா. கொஞ்சம் கெடுத்தேன் என்பதும் உண்மை. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்தக் குறிப்பு, பாபின் கேஸை முன்பக்கத்திலிருந்து செருகும், ஷட்டில் முழுச் சுற்று சுற்றாமல் போய்த் திரும்பும் வகை மெஷினுக்கானது. ஷட்டிலைக் கழற்றி மாட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கழற்றும் முன் புரிந்துகொள்ள வேண்டியது

வீடுகளில் இருக்கும் பழைய கறுப்பு மெஷினில் பாபின் கேஸ் இடப்பக்கத்திலிருந்து போகும். ஜிக்ஜாக்கில் மட்டும் ஏன் முன்பக்கத்திலிருந்து? ஊசி ஏறும்போது விரியும் நூல் வளையத்தைப் பிடிப்பது ஷட்டிலின் கூர்முனை. கறுப்பு மெஷினில் அது ஊசியின் பக்கவாட்டில், முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அங்கே ஊசியை இடம் வலமாக ஆட்டினால் ஒரு பக்கம் முனையில் மோதும், மறுபக்கம் எட்டாமல் போகும். அதனால் ஜிக்ஜாக்கில் ஷட்டிலை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டார்கள். முனை ஊசிக்குப் பின்னால், ஊசி ஆடும் அதே திசையில் ஓடுகிறது. ஊசி எங்கே குத்தினாலும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முனை ஒரு பக்கத்து ஊசியை முதலிலும், மறுபக்கத்து ஊசியைச் சற்றுப் பிந்தியும் சந்திக்கும். அந்தச் சிறு தாமதத்துக்குள் ஊசி இன்னும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். அக்காவின் மெஷினில் இருந்த கோளாறு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

மேலே நடப்பதையும் ஒருமுறை பாருங்கள். முகப்பு மூடியைக் கழற்றினால், ஊசித்தண்டு ஊஞ்சல்போல் ஆடும் ஒரு சட்டத்துக்குள் இருப்பது தெரியும். அதை ஆட்டுவது ஒரு கேம், அதாவது சுற்றும்போது சட்டத்தைத் தள்ளிவிடும் மேடுபள்ளமான சக்கரம். கைச்சக்கரத்தோடு சுற்றும் மேல்தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். இடம் ஒரு குத்து, வலம் ஒரு குத்து. ஊசி துணிக்குள் இருக்கும்போது சட்டம் அசையக் கூடாது. (ஜிக்ஜாக்குக்கு 1873-லேயே அமெரிக்காவில் ஹெலன் அகஸ்டா பிளாஞ்சர்ட் காப்புரிமை பெற்றுவிட்டார். வீட்டு மெஷின்களில் அது பரவலானது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான்.)

படி 1: புது ஊசி

மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். கால்மெஷின் என்றால் பெல்ட்டைக் கழற்றுங்கள். பாதத்தையும் ஊசித் தட்டையும் எடுத்துவிட்டு, புதிய 90/14 ஊசியை மேலே முட்டும்வரை செருகி இறுக்குங்கள். பழைய ஊசியை வைத்து அளப்பது வீண் வேலை.

படி 2: முனை எந்தப் பக்கம் கடைசியாக வருகிறது?

அகலத்தை முழுதாக வைத்து, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஊசி கீழே போய் ஏறத் தொடங்கும்போது ஷட்டில் முனை எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள். அக்காவின் மெஷினில் வலமிருந்து இடம். ஆக, இடப்பக்கம்தான் 'பிந்திய பக்கம்'. உங்கள் மெஷினில் எதுவோ அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, நடுவில் குழம்பும்.

படி 3: நான் இரண்டு மாலைகளை வீணாக்கிய இடம்

ஊசித்தண்டின் உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டு டைமிங்குக்குப் போனேன். டைமிங்கைத் தொட்டதும் உயரம் தப்பாகத் தெரிந்தது. உயரத்தைத் திருத்தினால் டைமிங் தப்பாகத் தெரிந்தது. நாய் தன் வாலைத் துரத்திய கதை. ஒழுங்கான வரிசை: முதலில் டைமிங், பிறகு உயரம். ஊசி அடிமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறியபோது முனை வந்து சேர்கிறது என்பதுதான் டைமிங். அந்த ஏற்றம் தண்டின் உயரத்தைப் பொறுத்ததல்ல.

அந்த ஏற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அகலத்தை 0-இல், ஊசியை நடுவில் வையுங்கள். சக்கரத்தைச் சுற்றி ஊசியை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊசித்தண்டு வெளிவரும் புஷ்ஷின் (உலோகக் குழலின்) அடியில் 2.4 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பகுதியைத் தண்டோடு ஒட்டிப் பிடியுங்கள். அதை முட்டிக்கொண்டு நிற்கும்படி தண்டில் ஒரு குரோக்கடைல் கிளிப்பை மாட்டுங்கள். பிட்டை உருவிவிட்டு, கிளிப் புஷ்ஷில் தட்டும்வரை சக்கரத்தைச் சுற்றுங்கள். இப்போது ஊசி சரியாக 2.4 மி.மீ. ஏறியிருக்கிறது. முனை ஊசியின் நட்டநடுவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பல மெஷின்களுக்கு 2 முதல் 2.5 மி.மீ. பொருந்தும், உங்கள் மெஷினுக்குக் கையேடு இருந்தால் அதிலுள்ள அளவுதான் சட்டம்.

நிற்கவில்லையென்றால், மெஷினைச் சாய்த்து, ஷட்டிலை ஆட்டும் தண்டின் ஸ்க்ரூவைத் தேடுங்கள். முதலில் மார்க்கரால் பழைய இடத்தில் ஒரு கோடு. பிறகு கால் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். முழுதாகத் தளர்த்தினால் தண்டு முன்பின்னாகவும் நகரும், இடைவெளியும் போய்விடும். நான் கெடுத்தது இதைத்தான். ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: முனை பள்ளத்தை முழுதாக நிரப்ப வேண்டும். பத்து முனை மாற்றிப் போடும் செட்டை நான் தொடுவதே இல்லை.

படி 4: உயரம், பிந்திய பக்கத்தில்

அகலத்தை மறுபடி முழுதாக வையுங்கள். ஊசி பிந்திய பக்கம் இருக்கும்போது முனை அதைக் கடக்கும் நொடியில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். முனை ஊசிக்கண்ணின் மேல்விளிம்புக்குச் சுமார் அரை மி.மீ. மேலே இருக்க வேண்டும். எங்கள் மெஷினில் அது கண்ணுக்கு நேராகவே நின்றது. நூல் வளையம் முனைக்கு மேலே போய்விட்டது, பிறகு எதைப் பிடிக்கும்? ஊசித்தண்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தண்டு சுழன்றுவிடாமல் ஒரு மயிரிழை இறக்கி இறுக்கினேன். நடுவில் வைத்துப் பார்த்தபோது இதே மெஷின் ஒரு குறையும் காட்டவில்லை. பழுதுபார்த்தவர் ஏமாந்தது அங்கேதான்.

முந்திய பக்கம் விட்டுப்போனால் காரணம் வேறு. ஊசி போதுமான அளவு ஏறி வளையம் விரிவதற்கு முன்பே முனை வந்துவிடுகிறது. அப்போது உயரத்தைத் தொடாமல் ஷட்டிலைச் சற்றுப் பிந்த வையுங்கள்.

படி 5: இடைவெளி

முனைக்கும் ஊசிக்கும் நடுவே சாதாரண ஏ4 தாள் துண்டு, அதாவது ஏறக்குறைய 0.1 மி.மீ., இறுக்கமாக நுழைந்தால் போதும். முனை ஊசியில் உரசவே கூடாது.

பின்சேர்க்கை 1: இதைச் செய்தும் ஊசி உடைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நூல் இல்லாமல் ஒரு தாளில் ஜிக்ஜாக் குத்திப் பார்க்கச் சொன்னேன். துளைகள் வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் கிழிந்திருந்தன. ஊசி தாளுக்குள் இருக்கும்போதே சட்டம் ஆடுகிறது என்று அதற்குப் பொருள். குற்றம் ஷட்டிலில் இல்லை. மேலே கேமை ஓட்டும் பல்சக்கரம் நழுவியிருக்கிறது.

பின்சேர்க்கை 2: இன்னொரு வாசகி எல்லாப் படிகளையும் இரண்டு முறை செய்துவிட்டார், இரண்டு பக்கமும் விட்டுவிட்டுத்தான் பிடித்தது. ஊசியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கண்ணுக்கு மேலே, பின்பக்கத்தில் இருக்க வேண்டிய பள்ளம் அதில் இல்லை. முனை ஊசியை நெருங்கிப் போவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். ஊசி உறையில் இருக்கும் 130/705 எச் (H) என்ற வகை எண்ணின் கடைசியில் வரும் 'எச்', அந்தப் பள்ளத்துக்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. உறையில் அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். படி 1-இல் இதை எழுதாமல் விட்டது என் தவறு.