காட்டன் பனியன் துணிக்கு ஆன்டிமைக்ரோபியல் ஃபினிஷ்: துவைச்சாலும் போகாம நிக்கணும்னா

வேர்வைக்குன்னு பெருசா வாடை கிடையாதுங்க, அதைத் தின்னு வளர்ற பாக்டீரியாதான் நாத்தத்தைக் கிளப்புது, காட்டன் ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கறதால அதுங்களுக்கு நல்ல வசதி. அதைக் கொல்ற மருந்தைத் துணியில ஏத்தறதுதான் ஆன்டிமைக்ரோபியல் ஃபினிஷ். சில்வர் மாதிரி ஐட்டம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வேலை செய்யும், துவைக்கத் துவைக்கக் குறையும். நான் சொல்லப்போறது சிலேன் குவாட்ங்கற மருந்து, துணியோடயே ஒட்டிக்கற வகை. இதோட ஒரு முனை காட்டனோட செல்லுலோஸைப் புடிச்சுக்கும், பக்கத்துல இருக்கற மருந்தோடயும் கோத்துக்கும், மறுமுனையில பாசிட்டிவ் சார்ஜும் 18 கார்பன் நீள வாலும். பாக்டீரியாவோட தோல் நெகட்டிவ், அதனால இழுபட்டு வந்து ஒட்டுது, சவ்வு கிழிஞ்சு சாகுது. மருந்து துணியிலயே இருக்கு.

ஆனா ஒட்டணுமே. முக்கால்வாசி பேர் கோட்டை விடுறது மருந்துல இல்ல, துணியில. ஸ்கவரிங் (காரம் போட்டு மெழுகு, அழுக்கு எடுக்கறது), ப்ளீச்சிங் (பெராக்ஸைடு போட்டு வெளுக்கறது) முடிஞ்ச துணி மேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க, சட்டுனு உறிஞ்சணும், முத்து மாதிரி நின்னா மெழுகோ சாஃப்ட்னரோ இருக்குன்னு அர்த்தம், திருப்பி அலசுங்க. காரமும் பெராக்ஸைடும் மிச்சம் இருக்கக்கூடாது. சோப்பாயில் (துணி அலசற சோப்புத் திரவம்) மிச்சம் இருந்தா இன்னும் மோசம், அது நெகட்டிவ், மருந்து பாசிட்டிவ், ரெண்டும் பாத்துலயே (மருந்து கலந்த தண்ணியிலயே) கட்டிப்புடிச்சு திரிஞ்சு போயிடும்.

அப்புறம் கணக்கு. 1 கிலோ துணி மருந்துத் தண்ணியில முங்கி, மாங்கிள்ங்கற ரோலர்ல பிழிஞ்சு வெளிய வரும்போது 1.8 கிலோ இருந்தா பிக்கப், அதாவது துணி புடிச்ச தண்ணி, 80%. லிட்டருக்கு 25 கிராம் போட்டிருந்தா துணி மேல 20 கிராம் ஏறியிருக்கும், அதாவது 2%. சப்ளையர் சொல்ற அளவு துணி எடைக்கா பாத்துக்கான்னு கேட்டுக்கங்க, இங்கதான் பாதி சண்டை வரும். அசிட்டிக் ஆசிட் விட்டு பிஹெச் 4.5 பக்கம் வச்சு, தண்ணியைக் கலக்கிக்கிட்டே மருந்தை ஊத்துங்க. கையுறை கட்டாயம், காத்தோட்டமும் வேணும், ஏன்னா மெத்தனால் வெளிய வரும்.

இப்படி முக்கிப் பிழிஞ்சு (இதுதான் பேட் பண்றது) ஸ்டெண்டர்ங்கற சூடுகாத்து மெஷின்ல 110–120 டிகிரியில நல்லா காய விடுங்க. அந்தப் பிணைப்பு உருவாகும்போது தண்ணி வெளியேறணும், அரை ஈரத்துல உருட்டி வச்சா மருந்து சும்மா மேலாப்புல உக்காந்திருக்கும், முதல் வாஷ்லயே கிளம்பிடும்.

மருந்து ஏறிச்சான்னு செக் பண்ண ப்ரோமோஃபினால் ப்ளூங்கற நீலச் சாயக் கரைசல்ல ஒரு துண்டை முக்கி, தண்ணியில அலசுங்க. மருந்து ஏறின துணி நீலமா நிக்கும், ஏறாதது வெளுத்துடும். திட்டுத்திட்டா நீலம் வந்தா மாங்கிள் ப்ரஷர் ஒரே மாதிரி இல்லன்னு புரிஞ்சுக்கலாம். நான் ஒருதடவை பளிச்சுனு நீலம் வந்ததும் குஷியாகி லாட்டையே ஓட்டிட்டேன், கடைசியில பாத்தா அது கேட்டயானிக் (இதுவும் பாசிட்டிவ் சார்ஜ்) சாஃப்ட்னர் காட்டின நீலம், அஞ்சு வாஷ்ல காணோம்! அதனால சாம்பிளைத் துவைச்சுட்டு இன்னொரு தடவை முக்கிப் பாருங்க.

லேபுக்கு அனுப்பும்போது ஏஏடிசிசி 100 இல்லன்னா ஐஎஸ்ஓ 20743 (ரெண்டும் துணியில பாக்டீரியா எவ்வளவு குறையுதுன்னு எண்ணிப் பாக்கற டெஸ்ட்) கேளுங்க, வாஷுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஏஏடிசிசி 147-ங்கற டெஸ்ட்ல துணியைச் சுத்தி பாக்டீரியா வளராத வட்டம் வரலைன்னு பயந்துடாதீங்க, வட்டம் கசியற மருந்துக்குத்தான் வரும், இது கசியவே கசியாது.